கேள்வி – பதில்: ஊர் தின்பதும் கழிப்பதும்

நகரத்துக்கு ஏது வளர்சிதை மாற்றம்? வெறும் உவமைதானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

உடல் உண்டு கழிப்பதுபோல ஊரும் பொருள்களை உள்ளே எடுத்து வெளியே தள்ளுகிறது என்ற பேச்சு உவமையாகத்தான் தொடங்கியது, இப்போது அது வரவு செலவுக் கணக்கு. 1965-ல் ஏபல் வுல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர், பத்து லட்சம் பேர் வாழும் கற்பனை அமெரிக்க நகரம் ஒன்றுக்கு ஒருநாள் கணக்குப் போட்டார். உள்ளே போவது தண்ணீர் 6,25,000 டன், எரிபொருள் 9,500 டன், உணவு 2,000 டன். வெளியே வருவதில் கழிவுநீர் 5,00,000 டன், குப்பை 2,000 டன், காற்று மாசு 950 டன். தண்ணீருக்கு முன்னால் மற்றதெல்லாம் கொசுறு. எனவே தண்ணீரைத் தனித் தாளில் எழுதுங்கள்.

எங்கள் நகராட்சிக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– குடியிருப்போர் நலச் சங்கம், திருப்பூர் மாவட்டம்

நகராட்சி எல்லையையே எல்லையாக வையுங்கள். ஆண்டு, ஏப்ரல் முதல் மார்ச் வரை; அலுவலகப் பதிவேடுகள் அப்படித்தான் கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் டன்னுக்கு மாற்ற வேண்டும். ஒரு கிலோலிட்டர் தண்ணீர் ஒரு டன். சிமென்ட் மூட்டை 50 கிலோ. வீட்டு சிலிண்டரில் காஸ் 14.2 கிலோ. டீசல் லிட்டருக்குச் சுமார் 0.83 கிலோ. மணல் யூனிட் கணக்கில் வரும்: யூனிட் என்பது 100 கன அடி, காய்ந்த மணலானால் ஏறக்குறைய நாலரை டன்.

சறுக்குவது தண்ணீரில்தான். பம்ப் ஓடிய நேரத்தை அதன் தகட்டில் பொறித்த திறனால் பெருக்கி எழுதியிருப்பார்கள். கோடையில் கிணற்றில் மட்டம் இறங்கினால் அதே பம்ப் குறைவாகத்தான் இறைக்கும்; பதிவேட்டில் மட்டும் குறையாது. மீட்டர் இல்லையா? மேல்நிலைத் தொட்டியின் வெளிவால்வை மூடிவிட்டு, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். உள்விட்டம் 10 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் 60 செ.மீ. ஏறினால் 47 கிலோலிட்டர். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை அளந்தால் போதும்.

வீட்டு போர்வெல்களுக்குப் பதிவேடே இருக்காது. வழங்கிய நீரில் 80 சதவீதம் சாக்கடைக்குத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு (வுல்மனிடமும் அதே விகிதம்தான்). மழையில்லாத வாரத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவது அதைத் தாண்டினால், போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான் முதல் சந்தேகம். உடைந்த குழாய்களுக்குள் ஊறும் நிலத்தடி நீரையும் மறக்காதீர்கள்.

குப்பைக்கு எடைமேடைச் சீட்டு வேண்டும். குப்பை லாரிகளின் நடை எண்ணிக்கை உதவாது. மழை மாதங்களில் நனைந்த குப்பையின் எடை ஏறும். கட்டட இடிபாட்டைத் தனியே பிரித்துவிடுங்கள்.

கூட்டிப் பார்த்தால், வெளியேறுவது உள்ளே போனதைவிட அதிகமாக வருகிறதே?
– வாசகர், மதுரை

காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். ஒரு சிலிண்டர் காஸ் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வரும், நீராவி தனி. அந்தக் கூடுதல் எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். அதையும் வரவில் எழுத வேண்டும். மறுபடி கூட்டும்போது வெளியேறுவது குறைந்தால் பதற வேண்டாம். சிமென்டும் ஜல்லியும் கட்டடங்களாக ஊரிலேயே தங்கிவிட்டன. அது ‘இருப்பு’.

தலைக்குக் குறைவாகச் செலவழிக்கும் ஊர்தான் சிக்கனமான ஊரா?
– வாசகி, சென்னை

குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் தெருவிலும் தலைக்கு அளவு குறைவுதான். அதற்குப் பெயர் தட்டுப்பாடு. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர விதிமுறையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

மின்சாரத்துக்கு எடை கிடையாது, அதை யூனிட்டில் தனியே எழுதுங்கள். கடல்நீரைக் குடிநீராக்க கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போகும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் நிலையம் முழுதாக ஓடினால் 3 முதல் 4 லட்சம் யூனிட். ஏரியிலிருந்து வரும் தண்ணீருக்கு இவ்வளவு ஆகாது. டன் கணக்கில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-ல் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனில் நிலையங்கள் வந்தன. கழிவுநீரை மறுசுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். இதை வரவில் கூட்டினால் ஒரே தண்ணீரை இருமுறை எண்ணியதாகும். ‘மறுபயன்பாடு’ என்று தனி வரியில் காட்டுங்கள்.