வாசகர் கேள்வி: ஒரு பக்க இறக்கை போனால் விமானம் இறங்குமா?

கேள்வி: ஒரு பக்க இறக்கையே இல்லாமல் போர் விமானம் ஒன்று பத்திரமாகத் தரையிறங்கியதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. கிராஃபிக்ஸ்தானே? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இல்லீங்க, நிஜமாகவே நடந்தது. 1983 மே மாதம், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக்கு மேலே பயிற்சிச் சண்டையின்போது ஒரு எஃப்-15 விமானமும் ஒரு ஸ்கைஹாக் விமானமும் மோதிக்கொண்டன. ஸ்கைஹாக் விமானி வெளியே குதித்துத் தப்பினார். எஃப்-15இன் வலது இறக்கை கிட்டத்தட்ட அடியோடு போய்விட்டது, உடலை ஒட்டி இரண்டடிதான் மிச்சம். ஆனால் ஓட்டிக்கொண்டிருந்த சிவி நெடிவிக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் பிய்ந்த இடத்திலிருந்து எரிபொருள் புகைபோலப் பீய்ச்சியடித்து அந்தப் பக்கத்தையே மறைத்துவிட்டது. விமானம் சுழன்று உருள ஆரம்பித்ததும் ஆஃப்டர்பர்னரை (எஞ்சினுக்குக் கூடுதல் உந்துதல் தரும் ஏற்பாடு) போட்டு வேகத்தைக் கூட்டினார், நிமிர்ந்தது. வேகத்தைக் குறைத்தால் மறுபடி உருளப் பார்த்தது. அதனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில், மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டரில் ஓடுபாதையைத் தொட்டார். கம்பியில் மாட்டி நிறுத்தும் வால் கொக்கி பிய்ந்து போயிற்று, ஓடுபாதை முடியச் சில மீட்டரே இருக்கும்போது விமானம் நின்றது. இறங்கிய பிறகுதான் இறக்கை இல்லாததையே பார்த்தார். அந்த விமானத்தைப் பழுதுபார்த்து, புது இறக்கை பூட்டி, மறுபடி பறக்கவும் விட்டார்கள்.

எப்படி முடிந்தது? சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் போய், பரீட்சை அட்டையைக் கடல் காற்றுக்கு எதிரே நீட்டிப் பிடித்து, முன்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். காற்று பலமாக இருந்தால் அட்டை மேலே எழும்பி, மணிக்கட்டை இழுக்கும். அதில் இறக்கை ஏதும் கிடையாது, வெறும் தட்டை அட்டைதான். எஃப்-15இன் உடலும் அப்படி அகலமான, தட்டையான உடல், வேகம் இருக்கும்வரை அந்த உடலே பாதி இறக்கையாக வேலை செய்தது. வேகம் குறைந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆக, விமானியின் துணிச்சலை எவ்வளவு பாராட்டுகிறோமோ அதே அளவு, எங்கோ வரைபலகை முன்னால் உட்கார்ந்து அந்த உடலை வடிவமைத்தவர்களையும் பாராட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2003 ஏப்ரல் 7 அன்று பாக்தாத் மேலே கிம் காம்ப்பெல் என்ற அமெரிக்கப் பெண் விமானியின் ஏ-10 போர் விமானம் அடிபட்டு, வால் பகுதியெல்லாம் சல்லடையாகி, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) இணைப்புகள் முழுக்கச் செத்துப்போயின. பவர் ஸ்டியரிங் நின்றுபோன லாரியை ஓட்டுவது போலத்தான் அப்புறம். இப்படி ஆகும் என்று முன்பே யோசித்து, கம்பிகளால் இழுத்து ஓட்டும் ஏற்பாட்டை அந்த விமானத்தில் வைத்திருந்தார்கள், அதை வைத்தே சுமார் ஒரு மணி நேரம் ஓட்டி வந்து இறக்கினார்.

கேள்வி: ஆபத்து என்றால் சீட்டோடு வெளியே குதித்துவிடலாமே, எதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? (என்.சி.சி. மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: குதிப்பதும் சும்மா இல்லை, சீட்டை வெளியே தள்ளும் உதையில் முதுகெலும்பே முறியலாம். கீழே ஊர் இருந்தால், விமானி குதித்துவிட்ட விமானம் யார் தலையில் விழும் என்பதும் இருக்கிறது. 2020 அக்டோபர் 12 அன்று நம் விமானப்படையின் வருண் சிங் ஓட்டிய தேஜஸ் போர் விமானத்தில் காக்பிட்டின் காற்றழுத்தம் போய், பிறகு கட்டுப்பாட்டுக் கருவியே பழுதாகி, விமானம் மேலும் கீழுமாகக் குலுங்கி வேகமாக உயரம் இழந்தது. ஒருமுறை மீட்டார், மறுபடி கைவிட்டுப் போனது, மறுபடி மீட்டுத் தரையிறக்கினார். சௌர்ய சக்ரா விருது தந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து, ஒரு வாரம் போராடி இறந்துபோனார். இதை எழுதும்போது இன்றைக்கும் மனசு கனக்கிறது.

கேள்வி: திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைப் பார்த்து, அங்கே தகடு அடித்துப் பலப்படுத்தினால் போதுமே? (வாசகர், நெல்லித்தோப்பு)

பதில்: இரண்டாம் உலகப் போரில் பலருக்கும் தோன்றியது இதுதான். ஆபிரகாம் வால்ட் என்ற கணித மேதை நேர்மாறாகச் சொன்னார். துளையோடு வந்த விமானம் அந்த அடியைத் தாங்கிக்கொண்டுதானே வந்தது? எந்த இடத்தில் துளையே காணோமோ, எஞ்சின் மாதிரி, அங்கே அடிபட்டவை திரும்பி வரவில்லை. தகடு அங்கேதான் அடிக்க வேண்டும்.

அந்த வால்ட் 1950 டிசம்பரில் இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். அவரும் அவர் மனைவியும் பயணம் செய்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது, இரண்டு பேருமே பிழைக்கவில்லை.