புது இனமா, புது வயிறா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அட்ரியாட்டிக் கடலில் ஒரு தீவில் 5 ஜோடிப் பல்லிகளை விட்டார்களாம், 36 வருஷத்தில் அவை தழை தின்னும் புது இனமாகிவிட்டனவாம். வீடியோவில் பார்த்தேன். நம்பலாமா? – வாசகி, தேனி

பதில்: தழையை நம்பலாம். புது இனத்தை நம்பாதீர்கள்.

நம் வீட்டுச் சுவரில் இருப்பதை முதலில் மறந்துவிடுங்கள். ஐரோப்பியச் சுவர்ப்பல்லி பகலில் வெயில் காயும் சாதி. கண்ணுக்கு இமை உண்டு. விரலடியில் ஒட்டும் தகடு கிடையாது, நகத்தை ஊன்றித்தான் ஏறும்.

1971-ல் ஏவியத்தார் நெவோ என்ற இஸ்ரேலிய விஞ்ஞானியின் குழு, குரோஷியாவின் லாஸ்தோவோ தீவை ஒட்டிய பொட் கோபிஷ்டெ என்ற குட்டித்தீவில் இத்தாலியச் சுவர்ப்பல்லிகளைப் பிடித்து, பக்கத்திலுள்ள பொட் மர்ச்சாருவில் விட்டது. அங்கே ஏற்கெனவே இன்னொரு சுவர்ப்பல்லி இனம் வாழ்ந்து வந்தது. இரண்டில் எது நிலைக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். அப்புறம் யுகோஸ்லாவியா உடைந்தது, போர் வந்தது, சோதனை அப்படியே கிடந்தது. 2004-லிருந்து அந்தோனி ஹெரல், டங்கன் இர்ஷிக் முதலானோர் வசந்தத்திலும் கோடையிலுமாக மூன்று வருஷம் அங்கே போய்வந்தார்கள்.

பழைய இனம் அங்கே ஒன்றுகூட இல்லை. புதிதாக வந்தவற்றின் வம்சம் தீவெங்கும் மொய்த்தது. இவை அந்தப் பத்தின் சந்ததிதானா என்று மரபணுவையும் சோதித்தார்கள், அவையேதான். தலை பெரிதாகியிருந்தது, கடியும் பலமாகியிருந்தது. கோடையில் இவற்றின் வயிற்றிலிருந்த இரையில் 61 சதவீதம் செடிகொடி. தாய்த்தீவில் அதே பருவத்தில் 4 சதவீதம்தான். குடலுக்குள் மடிப்பு போன்ற தடுப்புகளும் இருந்தன. தழை அங்கே தங்கி, நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்க நேரம் கிடைக்கிறது. செதிலுள்ள ஊர்வனவற்றில் நூற்றில் ஒன்றுக்குக்கூட இத்தடுப்பு கிடையாது. எனக்கு மலைப்பாக இருப்பது இதுதான், தலையின் அளவு அல்ல.

ஆனால் இனம் அதேதான். இரு தீவுப் பல்லிகளும் கூடி இனம் பெருக்காது என்று யாரும் காட்டவில்லை. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகளிலும் அத்தடுப்பு இருந்தது உண்மை. ஆகவே தழை தின்றுதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்காக முழுக்கப் பரம்பரைச் சொத்து என்றும் சாதிக்க முடியாது. இரு தீவு முட்டைகளையும் ஓரிடத்தில் பொரிக்கவைத்து, ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தால்தான் தெளியும். 2008-ல் கட்டுரை வெளியிட்டவர்களே இந்த எச்சரிக்கையோடுதான் எழுதினார்கள். வீடியோக்காரருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: இவ்வளவு வேகமாக ஓடுவதை எப்படிப் பிடித்து அளக்கிறார்கள்? வால் விழுந்துவிடாதா? – வாசகர், விருத்தாசலம்

பதில்: சுருக்குப் போட்டு. நீளமான தூண்டில் கழி, அதன் நுனியில் நூல் கண்ணி. ஓணானுக்கு ஈர்க்குச்சியில் சுருக்கு வைத்த யாருக்கும் இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதிலில் தட்டையாக விரிந்து வெயில் காய்கிற பல்லி, ஆள் நிழல் விழுந்தால் கல்லிடுக்கில் பாய்ந்துவிடும். கழி நெருங்குவதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஜெர்மனியில் மோசெல் ஆற்றோரத் திராட்சைத் தோட்டத்துக் கல்மதில் ஒன்றில் நான் இதைக் கிட்ட நின்று பார்த்தேன். கண்ணி மூக்கில் உரச, அது தலையை ஒருபக்கம் சாய்த்து நூலை நாக்கால் தொட்டது! அடுத்த நொடி கழுத்தில் சுருக்கு. பிடித்ததும் உடம்போடு சேர்த்துத்தான் ஏந்த வேண்டும், வாலைத் தொடக்கூடாது. விழுந்த வால் திரும்ப முளைக்கும், ஆனால் நிறமும் செதிலும் பழையபடி அமையாது. அதைப் பார்த்தே எத்தனை பல்லிக்கு வால் போயிருக்கிறது என்று கணக்கெடுக்கலாம்.

முன்பெல்லாம் அடையாளத்துக்கு விரல் நுனியை வெட்டுவார்கள். இப்போது மார்புச் செதில்களைப் படம் எடுத்து, அவை சேரும் கோணங்களைக் கணினியில் ஒப்பிடுகிறார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. கடியை அளப்பதும் எளிது: இரண்டு உலோகத் தகட்டை வாயருகே காட்டினால் கோபத்தில் தானே கவ்வும், கருவி விசையைச் சொல்லும்.

கேள்வி: அங்கேயாவது பல்லிகளுக்கு ஆபத்தில்லையா? – வாசகி, தூத்துக்குடி

பதில்: இடத்தைப் பொறுத்தது. சாதாரணச் சுவர்ப்பல்லி மனிதர் தயவில் இங்கிலாந்திலும், 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியிலும்கூடக் குடியேறிப் பெருகிவிட்டது. ஸ்பெயினின் இபிசா தீவில் கதை வேறு. முன்பு பாம்புகளே இல்லாதிருந்த தீவு அது. பெருநிலத்திலிருந்து அலங்காரத்துக்காகக் கொண்டுவந்த பழைய ஆலிவ் மரங்களின் பொந்துகளில் ஒளிந்து பாம்புகள் வந்து சேர்ந்தன. பாம்பையே கண்டிராத, அந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரிய சுவர்ப்பல்லி பல பகுதிகளில் காணாமல் போய்விட்டது. சுண்டெலியை வைத்துப் பொறி வைக்கிறார்கள். பாம்போ நீந்தி அக்கம்பக்கத்துக் குட்டித்தீவுகளுக்கும் போகிறது. அங்கே தீவுக்குத் தீவு நிறம் மாறும் பல்லிகள். தோட்டத்தில் நூறு வயசு ஆலிவ் நிற்க வேண்டும் என்ற ஆசையை எந்தப் பொறியில் பிடிப்பது?