வேதியியல் படித்த பெண்ணுக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

"பழைய சாமானைத் துடைக்கவா வேதியியல் படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான் அம்மா. ஆனால் உங்கள் மகள் விரும்பும் அரும்பொருள் பாதுகாப்பு வேலையில், அதாவது பழம்பொருள்கள் கெடாமல் காக்கும் வேலையில், துடைப்பது மிகச் சின்னப் பங்கு. மீதியெல்லாம் அவள் படிக்கும் பாடம்தான்.

கண்காட்சியைத் திட்டமிடும்போதே பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பட்டுத் துணி, நீர்வண்ண ஓவியம் என்றால் வெளிச்சம் பொதுவாக 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். வெளுத்த சாயம் திரும்ப வராது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் இரு மடங்கு நாள் வைக்கலாம் என்பதால், எத்தனை மாதம் காட்சிக்கு வைப்பது என்பதே ஒரு கணக்கு.

கண்ணாடிப் பேழையே பொருளைக் கெடுப்பதும் உண்டு. ஓக் மரத்திலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி ஈயக் காசில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அதனால் பேழைக்கான பலகை, பசை, துணி எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதிப்பார்கள். சோதனைக் குழாயில் அந்தப் பலகையிலோ துணியிலோ ஒரு துண்டு, கொஞ்சம் தண்ணீர், மேலே வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகள்; 60 டிகிரி செல்சியஸில் 28 நாள். தகடு கறுத்தாலோ அரித்தாலோ அந்தப் பலகை வேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் கொண்டுவந்த முறை இது. வடிவமைப்பாளர் ஆசைப்பட்ட பலகையை "கூடாது" என்று சொல்லும் இடத்தில் உங்கள் பெண் இருப்பாள். (சண்டையும் வரும், பேச்சுத்திறமை வேண்டும்.)

மறைக்காமல் சொல்கிறேன்: நிரந்தர இடங்கள் குறைவு, ஆரம்பத்தில் ஒப்பந்த வேலைதான் அதிகம். அதனால் வேதியியல் பட்டத்தைப் பாதியில் விட வேண்டாம். அதை முடித்துவிட்டு, அரும்பொருள் பாதுகாப்பில் முதுகலை. இடையே அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ பயிற்சி. இது அமையாவிட்டாலும் ஆய்வகக் கதவு திறந்தே இருக்கும். நிறப் பார்வைச் சோதனையை இப்போதே செய்துவிடுங்கள். நிறம் பிரித்தறிய முடியாவிட்டால் ஓவியப் பிரிவு கடினம்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள கிழிந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, எந்தப் பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் கிழிசல், கறை என்ன நிறம், தையல் எங்கே விட்டிருக்கிறது என்று எழுதட்டும். பொருள் கடனாக வரும்போதும் திரும்பும்போதும் வல்லுநர்கள் எழுதும் நிலை அறிக்கை இப்படித்தான் இருக்கும். பத்தாவது நிமிடமே கைபேசியைத் தேடினால் வேறு படிப்பைப் பேசலாம். இரண்டு மணி நேரம் கழித்தும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தால், விண்ணப்பத்தை வாங்குங்கள்.