டீ ஃபேக்டரி வேலைக்கு கிளவுஸும் வருடாந்திர செக்கப்பும் போதுமா?

தம்பி கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரியில் சேரப்போகிறான், கிளவுஸும் மாஸ்க்கும் தருகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து பார்ப்பாராம், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குன்னூர் வட்டாரத்தில் ஃபிட்டர். போதாது. அதைவிட, சிடிசி மெஷின் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுவது) பக்கத்தில் நிற்கிற ஆள் கிளவுஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றத்தான் சொல்வேன்.

சிடிசியில் பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. மழைநாள் இலை சரியாக வாட்டம் வாங்காமல் வந்து விழுந்தால் வாயில் அடைத்துக்கொள்ளும். கை தன்னால் தள்ளப் போகும். கிளவுஸ் நூல் ஒன்று பல்லில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. தள்ளுவதற்கு ஒரு மரக்கட்டை வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் குளிர் வேறு. சாயங்காலம் வந்த பச்சை இலை ராத்திரி முழுக்க டிரஃப்பில் (இலையை வாட்டும் நீளத் தொட்டி) வாடி, ரோலர் ஓடத் தொடங்கும்போது பல நாட்களில் விடிந்திருக்காது. ஜனவரியில் அந்த நேரத்துக்கு மஃப்ளரும் தொளதொள ஸ்வெட்டரும் இல்லாமல் யார் வருவார்கள்? அதுவும் கிளவுஸ் மாதிரியே ரோலரில் சிக்கும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவிலேயே இதற்கு விடை இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஓடுகிற மெஷினைப் பரிசோதிக்கிறவர், எண்ணெய் விடுகிறவர் தனிப் பயிற்சி பெற்றவராக, உடலோடு ஒட்டிய உடை அணிந்தவராக இருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அந்த உடையை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. எத்தனை ஃபேக்டரியில் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

தம்பி முதல் நாள் பார்க்க வேண்டியது ரோலர் மேல் இருக்கிற மூடியை. அதைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க லிமிட் ஸ்விட்ச் இருக்கும். சீசனில் இலை குவிந்தால் மெஷினை நிறுத்த யாருக்கும் மனசு வராது. அந்த ஸ்விட்சை ஒரு கம்பித் துண்டால் கட்டிவிடுவார்கள். கம்பி கண்ணில் பட்டால், அங்கே மாட்டியிருக்கிற பாதுகாப்பு போர்டுகள் எதையும் நம்ப வேண்டாம். கழுவும்போதும் ரிப்பேர் பார்க்கும்போதும் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உள்ளே கை விடுகிற ஆளே பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசரிடம்கூடக் கொடுக்கக் கூடாது.

செக்கப் விஷயத்தில் எத்தனை தடவை பார்க்கிறார்கள் என்பதைவிட, சேரும்போது எடுத்த அளவு கையில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மெஷின் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு. அதற்கு மேல் வருடக்கணக்கில் கேட்டால் முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். பேச்சு நன்றாகக் கேட்பதால் ஆளுக்கே தெரியாது; காது டெஸ்டில்தான் தெரியும். சலிக்கும் ரூமில் போட்டால், தேயிலைத் தூசிக்காக நுரையீரல் ஊதிப்பார்க்கும் டெஸ்டும் வேண்டும். பிரஷரும் எடையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற முகாமில் இது எதுவும் பிடிபடாது.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை உண்டு. அதன் சாதாரண அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறும். மருந்தைத் தொடும் முன் எடுத்த அளவு இல்லாவிட்டால், பிறகு வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

பழைய ரிப்போர்ட் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: பாதரசம் கையாண்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடம்பு கெட்டதாகச் சொன்ன முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு வந்தது 2016இல். சிறுநீரில் பாதரசம் அண்மையில் ஏறியதைத்தான் காட்டும்; வருடங்கள் கழித்துப் பார்த்தால் பழசுக்குத் தடயம் இருக்காது. அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தம்பி அன்றைக்கே கேட்டு வாங்கி மொபைலில் படம் எடுத்துக்கொள்ளட்டும். ‘ஆஃபீஸ் ஃபைலில் இருக்கு’ என்பார்கள். ஃபேக்டரி கைமாறினால் அந்த ஃபைலைத் தேடித்தர ஆள் இருக்க மாட்டார்கள்.