தேய்த்துக் கெடுத்த போலிங் பந்து: பலகையைக் காட்டிக் கடைக்காரர் தப்பிக்க முடியுமா?

கேள்வி:

வணக்கம் வழக்கறிஞர் அம்மா. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். வேலையிடத்து டென்பின் போலிங் குழுவில் விளையாடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சொந்தக் காசில் 950 வெள்ளிக்கு (ரிங்கிட்) 15 பவுண்டு ரியாக்டிவ் பந்து (ஓடுதளத்து எண்ணெயை உறிஞ்சி, நன்றாக வளையும் வகை) ஒன்று வாங்கினேன். எண்ணெய் குடித்துக் குடித்துப் பந்து முன்புபோல் வளையவில்லை. பினாங்குத் தீவில் பேரங்காடி ஒன்றில் இருக்கும் கடையில் தேய்த்துப் புதுப்பிக்கக் கொடுத்தேன். "பழையபடி 2000 ஆப்ரலான் ஃபினிஷ் (2000 எண் உரசல் பேட்டால் தேய்த்த பரப்பு) வேண்டும், 20ஆம் தேதி போட்டி இருக்கிறது" என்று வாட்ஸ்ஆப்பிலும் எழுதினேன். கூலி 120 வெள்ளி.

திரும்பி வந்த பந்தில் சீரியல் எண் பாதி அழிந்திருந்தது. கோடு கோடாகக் கீறல். உருட்டினால் லேசாகத் துள்ளுகிறது. போட்டி நாளில் பந்தைச் சோதித்தவர்கள், எண்ணைப் படிக்க முடியவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், "பொருளை ஒப்படைப்பது உங்கள் பொறுப்பு, சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல" என்ற சுவர்ப் பலகையைக் காட்டுகிறார். தேய்த்தது தான் இல்லை, பகுதிநேரப் பையன் என்கிறார். பந்தே பழசு என்கிறார். கடைசியில், "கொண்டு வாங்க, இலவசமாகத் திரும்பத் தேய்த்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? பந்து விலை, போட்டிக் கட்டணம், கிடைத்திருக்க வேண்டிய பரிசுப் பணம் எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி கேட்கலாமா? கோபத்தில் அவர் படத்தைப் போட்டுத் திருடன் என்று பேஸ்புக்கில் எழுதிவிட்டேன். அவதூறு வழக்கு போடுவேன் என்று மிரட்டுகிறார்.

பதில்:

தம்பி, பந்து இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். இலவசம் என்றவுடன் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். நீங்களே உரசல் பேட் வாங்கி வீட்டில் சரிசெய்தும் பார்க்க வேண்டாம். அந்தக் கீறல்களும் அழிந்த எண்ணும்தான் உங்கள் சாட்சி. இன்னொரு தடவை, பந்தைச் சுழற்றித் தேய்க்கும் ஸ்பின்னரில் ஏற்றினால் சாட்சி போய்விடும். காரின் பின்பெட்டியிலும் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ரியாக்டிவ் பந்து வெடிப்பு விடும். பிறகு "ஏற்கெனவே வெடித்த பந்து" என்று பேச அவருக்கு இடம் கிடைத்துவிடும்.

பலகைக்கு வருகிறேன். பழுதுபார்க்கும் கடை, சலவைக் கடை, கார் கழுவும் இடம் என்று எங்கு போனாலும் இப்படி ஒரு பலகை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு, நமக்கு வழியில்லை போலிருக்கிறது என்று எத்தனையோ பேர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது மனத்தை உறுத்துகிற விஷயம். வழி இருக்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்து தருவார் என்ற உத்தரவாதத்தை அவர் வாய் திறந்து சொல்லாமலே அவர்மேல் சுமத்துகிறது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் போட்டு இந்தச் சட்டத்திலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்று தனிப் பகுதியே சேர்த்தார்கள். கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வாசகங்கள் அதில் சிக்கும். இதெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாக, பிறர் பொருளைக் கையில் வாங்கி வைத்திருப்பவர் அதைப் பார்க்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆணியடித்து மாட்டிய பலகையால் இதையெல்லாம் தள்ளிவிட முடியாது.

பையன் செய்தான் என்பதை ஒரு வரியில் முடிக்கலாம். காசு வாங்கியது கடை, உத்தரவாதமும் கடையுடையது.

"பந்தே பழசு" என்பதுதான் அவருடைய பலமான வாதம். நீங்கள் உழைக்க வேண்டியதும் இங்கேதான். ரியாக்டிவ் பந்தை எப்போது தேய்த்தாலும் மேல்தோலில் கொஞ்சம் போகத்தான் செய்யும். பலமுறை தேய்த்த பந்தில் பொறிப்புகள் மங்குவதும் இயல்பு. ஆகவே கொடுக்கும்போதே எண் மங்கித்தான் இருந்தது என்பார். அதை முறிக்க, கொடுப்பதற்கு முன் பந்து எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். பழைய போட்டிகளில் சீரியல் எண் எழுதிக் கொடுத்த பதிவுத்தாள் இருக்கிறதா? குழுவினர் கைப்பேசியில் எடுத்த படங்களில் எண் தெரிகிறதா? பந்தை வாங்கிக்கொண்டபோது கடையிலிருந்து படம் ஏதும் அனுப்பினார்களா? தேடுங்கள்.

அடுத்து, கடையில் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். வழக்கை விசாரிப்பவர் போலிங் பந்தைத் தொட்டே பார்க்காதவராக இருக்கலாம். இரண்டு நிமிடத்தில் புரியும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆப்ரலான் என்பது ஃபின்லாந்தின் மிர்க்கா நிறுவனம் தயாரிக்கும், பஞ்சு முதுகுள்ள உரசல் பேட். அதில் போட்டிருக்கும் எண் சிறியதாக இருந்தால் சொரசொரப்பு அதிகம், பெரியதாக இருந்தால் நயம். சொரசொரப்பான பரப்பு பந்தைச் சீக்கிரம் பிடித்து வளைக்கும், நயமான பரப்பு தூரம் ஓடவிட்டு வளைக்கும். ஆழமான கீறலை எடுக்க 360, 500 என்று தொடங்குவார்கள். முந்தைய பேட் போட்ட கோடுகளை அடுத்த பேட் அழிக்க, 1000, 2000 என்று படிப்படியாக ஏறுவார்கள். தண்ணீர் விட்டு, கையழுத்தம் மாறாமல், பந்தை நான்கு அல்லது ஆறு பக்கமாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும். திருப்பாமல் விட்டால் கோடுகள் ஒரே திசையில் வளையம் வளையமாக ஓடும். நடுவில் ஒரு படியைத் தாவினால் முதல் பேட்டின் ஆழமான கோடுகள் அப்படியே நிற்கும். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் தட்டையாகும். உங்கள் பந்து துள்ளுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி படம் எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் கோடுகள் மறைந்துவிடும். கட்டை விரல் துளையின் விளிம்பையும் கிட்ட வைத்து எடுங்கள். அங்கே முன்பு இருந்த வளைவு தேய்ந்து கூர்மையாகியிருந்தால் அதுவும் பேசும்.

படத்தோடு அளவும் வேண்டும். அமெரிக்க போலிங் காங்கிரஸின் விதிப்படி பந்தின் விட்டம் 8.500 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 8.595 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வேறொரு புரோ ஷாப்பில் (போலிங் பந்துக் கடையில்) பல திசைகளில் விட்டத்தை அளந்து, கையெழுத்தும் கடை முத்திரையும் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். திசைக்குத் திசை அளவு மாறினால், பந்து உருண்டை கெட்டுவிட்டது என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. எடையை நம்பிப் போகாதீர்கள். பெட்டியில் ஒட்டியிருந்த எடை துளையிடுவதற்கு முந்தியது. துளைபோட்டதில் எவ்வளவு குறைந்தது, தேய்த்ததில் எவ்வளவு குறைந்தது என்று பிரிக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2000 கேட்டேன், 2000 போடவில்லை என்பதை உங்கள் வழக்கின் தலைவாசலாக்க வேண்டாம். நாலு ஆட்டம் ஆடினாலே ஓடுதளம் உரசிப் பரப்பு மாறிவிடும். கடைக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். அழிந்த எண்ணையும் கெட்ட உருண்டையையும் முன்னால் வையுங்கள். வாட்ஸ்ஆப் செய்திக்கு வேறொரு வேலை இருக்கிறது. எந்த நோக்கத்துக்காக வேலை கொடுக்கிறோம் என்று தெரிவித்திருந்தால், வேலையின் விளைவு அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. போட்டி இருக்கிறது என்று நீங்கள் எழுத்தில் சொல்லிவிட்டீர்கள். போட்டிக்கு எடுத்துப்போக முடியாத பந்தாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இலவசமாகத் தேய்த்துத் தருகிறேன் என்பதை ஒரேயடியாக மறுத்துவிடவும் முடியாது. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, சரிசெய்யக்கூடிய குறையென்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி கேட்பதுதான் பயனீட்டாளருக்கு முதல் வழி. அவர் மறுத்தாலோ செய்து முடிக்காவிட்டாலோதான், வேறு இடத்தில் செய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சரிசெய்ய முடியாத குறை என்றால் இழப்பீட்டுக்கு நேராகப் போகலாம். உங்கள் பந்தில் இரண்டு வகையும் கலந்திருக்கிறது. கீறலை எடுத்துவிடலாம், எண்ணை மறுபடி பொறித்துவிடலாம். உருண்டை அப்படியல்ல. தேய்ந்துபோனதை ஒட்டவைக்க முடியாது. மற்ற பக்கங்களையும் தேய்த்துத்தான் சமன்செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் விட்டம் 8.500க்குக் கீழே போகுமா என்பதுதான் கேள்வி. அதனால்தான் முதலில் அளக்கச் சொல்கிறேன்.

இன்னும் தேய்க்க இடமிருக்கிறது என்று அளந்து பார்த்த இரண்டாவது கடை சொன்னால், கடைக்காரருக்கு எழுத்தில் வாய்ப்புக் கொடுங்கள். என்னென்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்குள், பையன் இல்லாமல் யார் கையால், நீங்கள் கூட நிற்கும்போது என்று எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பிலேயே எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் பந்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்று சொன்னால் பந்து உங்கள் கையைவிட்டுப் போகக்கூடாது.

பணம். 3,000 கேட்காதீர்கள் தம்பி. இரண்டு வருடம் உருட்டிய பந்துக்குப் புதுப்பந்தின் விலை கிடைக்காது. கெடுவதற்கு முன் அதற்கு என்ன மதிப்போ, அதுதான். அதே மாடல் பழைய பந்து என்ன விலைக்குப் போகிறது என்று விற்பனை விளம்பரங்கள் சிலவற்றை எடுத்து வையுங்கள். 120 வெள்ளிக் கூலியைத் திரும்பக் கேளுங்கள். இரண்டாவது கடையின் அளவுக் கட்டணத்தைக் கேளுங்கள். தேதி சொல்லியிருந்ததால் போட்டிக் கட்டணத்தையும் கேட்கலாம், கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பரிசுப் பணம் கிடைக்காது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நேரடித் தொடர்பில்லாத எட்டத்து இழப்புகளுக்கு ஈடு கொடுப்பதில்லை, ஜெயித்திருப்பீர்கள் என்று யாராலும் உறுதி சொல்லவும் முடியாது. ஊதிய தொகையோடு போய் நின்றால், நியாயமாகக் கேட்கும் பணத்தின்மேலும் சந்தேகம் விழும்.

பேஸ்புக் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். அவர் உங்கள் பந்தைக் கெடுத்தார், திருடவில்லை. திருடன் என்பது குற்றம் சுமத்தும் சொல். அவதூறு வழக்கில் உண்மை என்பது நல்ல தற்காப்புதான், ஆனால் நிரூபிக்க முடிந்த உண்மைக்குத்தான் அது உதவும். மிரட்டலுக்குப் பயந்து உங்கள் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை, அது வேறு, இது வேறு. வாட்ஸ்ஆப் உரையாடலில் மட்டும் ஒரு வரியையும் அழிக்காதீர்கள்.

போக வேண்டிய இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், அலுவலகங்களில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் தெரியும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வந்து வாதாட அங்கே இடமில்லை, அவருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. பாரம் 1 என்ற படிவத்தை நிரப்பும்போது தயங்கினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், உதவுவார்கள். கடைப் பலகையில் இருக்கும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். ரசீதில் உள்ள பதிவு எண்ணை வைத்து நிறுவனங்களைப் பதிவுசெய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் பார்த்து, பதிவான பெயரை எழுதுங்கள். ஆளே இல்லாத பெயர்மேல் தீர்ப்பு வாங்கி அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

விசாரணை நாளில் பந்தைக் கையோடு கொண்டுபோங்கள். சமரசத்துக்கு வழியுண்டா என்று மன்றம் முதலில் பார்க்கும். அங்கே நல்ல தொகை சொன்னால் ஒத்துக்கொள்வதில் தவறில்லை, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகலாம், அதனால் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிடுங்கள். தீர்ப்பு, மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். 14 நாளைக்குள் அதன்படி நடக்காவிட்டால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்கீழ் குற்றம், இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம். 15ஆம் நாள் பணம் வரவில்லை என்றால் மன்ற அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம்.