துணிப்பை, சார்ஜர், பழைய ஃபிரிட்ஜ்: எதில் கவனம் வைப்பது?

கேள்வி: ஒரு வருடமாகச் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாமல் வாழ முயல்கிறேன். துணிப்பைகள் நிறைய வாங்கியாயிற்று. மூங்கில் பிரஷ்ஷுக்கு மாறிவிட்டேன். இரவில் போன் சார்ஜரைக் கழற்றி வைக்கிறேன். ஆனால் கரண்ட் பில் குறையவில்லை, குப்பைக்கூடையும் தினமும் நிறைகிறது. வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில் எந்தப் பழக்கங்களுக்குப் பலன் அதிகம்? 15 வருடப் பழைய ஃபிரிட்ஜை மாற்றலாமா?

பதில்: நீங்கள் செய்பவை எதுவும் தவறில்லை. ஆனால் உங்கள் உழைப்பு பெரும்பாலும் கண்ணில் படும் பொருள்களிலேயே போயிருக்கிறது. ஒரு வீட்டால் பூமிக்கு ஏற்படும் சுமையில் பெரும்பங்கு வேறு இடங்களில் இருக்கிறது: எதையாவது சூடாக்குவது, குளிர்விப்பது, சாப்பாட்டை வீணாக்குவது, வண்டியில் எரிபொருளை எரிப்பது. முதலில் இவற்றைக் கவனியுங்கள், பிரஷ் பிறகு வரட்டும்.

சார்ஜரை எடுத்துக்கொள்வோம், கணக்கு போட எளிதானது அதுதான். போன் மாட்டாமல் பிளக்கில் சும்மா இருக்கும் தரமான சார்ஜர் சுமார் 0.1 வாட் இழுக்கும். வருடம் முழுக்க அப்படியே விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. இப்போது குளியலறைக்கு வாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் வருகிறது என்று வைத்தால், 10 நிமிடக் குளியலுக்கு 90 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்றரை யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதாவது ஒரு வருடம் சார்ஜரைக் கழற்றி வைத்து நீங்கள் மிச்சப்படுத்தியது, ஒரே ஒரு வெந்நீர்க் குளியலின் முதல் ஆறு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

அதே குளியலை 5 நிமிடமாகக் குறைத்தால் ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் 0.8 யூனிட் மிச்சம். 9 வாட் எல்.இ.டி. பல்பை 80 மணி நேரத்துக்கு மேல் எரிய விடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் வருடத்துக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். உங்கள் கரண்ட் பில் ஏன் குறையவில்லை என்பதற்கான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். துணி துவைப்பதும் இதே கதைதான். வாஷிங் மெஷின் வெந்நீரில் ஓடும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. அன்றாட அழுக்குக்குக் குளிர்ந்த நீரே போதும். டிரையருக்குப் பதில் கொடியில் காயப் போடுங்கள்.

சும்மா இருக்கும் கருவிகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிவியோடு இருக்கும் செட்-டாப் பாக்ஸ். பல மாடல்கள் டிவியை அணைத்த பிறகும் 10 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 88 யூனிட், சார்ஜரைப் போல நூறு மடங்கு. சுவர் ஸ்விட்சை அணைக்கும் பழக்கத்தை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏ.சி. இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டி வைத்து மின்விசிறியையும் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏ.சி.க்குள் இருக்கும் வாயுவையும் கவனிக்க வேண்டும். லட்சக்கணக்கான ஏ.சி.களில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு, நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகும். அந்தக் கணக்கில் பார்த்தால் 900 லிட்டர் பெட்ரோல்! எத்தனை துணிப்பையாலும் இதை ஈடுகட்ட முடியாது.

இந்த வாயு ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. எனவே "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பிவிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள். அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்குள் அதுவும் காற்றில்தான் போகும். வீடு மாறும்போதும் வாயுவை வெளியே திறந்துவிடாமல் வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள், மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வேலைதான். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஆர்-32 வாயு உள்ள மாடலின் பாதிப்பு மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்றால் மிக மிகக் குறைவு. இப்படிப்பட்ட வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன.

அடுத்து சாப்பாடு. 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் 60 விழுக்காடு ஹோட்டல்களிலோ கடைகளிலோ வீணாகவில்லை, நம் வீடுகளில் வீணானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, இத்தனை பேர் பசியோடு படுக்கும் உலகத்தில். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வெளியாகிறது. அது நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் வீரியமானது.

உங்கள் கூடை தினமும் நிறைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு வாரம், கொட்டுவதை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அதே இரண்டு மூன்று பொருள்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் குறைவாக வாங்குங்கள். ஃபிரிட்ஜில் ஒரு தட்டை "முதலில் இதைச் சாப்பிடு" என்று ஒதுக்கிவிடுங்கள். தவிர்க்க முடியாத தோலும் காம்பும் உரமாகட்டும். உரத்தொட்டி நாறினால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று பொருள். காய்ந்த சருகையோ கிழித்த அட்டையையோ கலந்து கிளறிவிட்டால் சரியாகும்.

உணவு எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று பலர் கவலைப்படுகிறார்கள். என்ன உணவு என்பதற்குத்தான் அதைவிட எடை அதிகம். ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 119 நாடுகளின் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாடு, ஆடு இறைச்சிகளின் பாதிப்பு பயறு வகைகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. முழுக்க நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் சில வேளை மாற்றிக்கொண்டாலே கணக்கு நன்றாக மாறும்.

சரி, துணிப்பை. பருத்தி விளைய நிறைய நீரும் நிலமும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, புவி வெப்பமாதலில் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சமமாக ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். டென்மார்க்கின் 2018 ஆய்வு 52 தடவை என்றது. ஆறு, கடல், விலங்குகளின் வயிறு ஆகிய இடங்களில் பிளாஸ்டிக் செய்யும் கேட்டை இந்தக் கணக்குகள் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் துணிப்பை நல்லதே. ஆனால் பத்துப் பையை வாங்கி அடுக்குவதைவிட, இரண்டு பையைக் கிழியும்வரை தைத்துத் தைத்துப் பயன்படுத்துவது மேல். ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஸ்டீல் டப்பா வாங்க வேண்டாம். 2015 வரை உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 விழுக்காடுதான். "மக்கும் பிளாஸ்டிக்" என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அவற்றில் பரவலான பி.எல்.ஏ. வகை மக்க 60 டிகிரி அளவு வெப்பம் உள்ள ஆலை வேண்டும், வீட்டுத் தொட்டியில் அது அப்படியே கிடக்கும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: நடக்கக்கூடிய தூரத்துக்கு எடுக்காதீர்கள். இஞ்சின் சூடாகும் முன்பே முடியும் சிறு பயணங்களில்தான் கிலோமீட்டருக்கு எரிபொருள் அதிகம் போகும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும்.

வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள் என்றீர்களே, அது முக்கியமான விஷயம். தினமும் ஒருவர் நினைவுபடுத்த வேண்டிய பழக்கம் நீடிக்காது. ஒரு தடவை அமைத்துவிட்டால் தானாக நடப்பதைத் தேர்ந்தெடுங்கள். நீரின் வேகத்தைக் குறைக்கும் ஷவர் தலை, குறைத்து வைத்த ஹீட்டர் தெர்மோஸ்டாட் (வெந்நீரைத் தேக்கி வைக்கும் தொட்டி வகை என்றால் கிருமி வளராமலிருக்க 60 டிகிரிக்குக் கீழே வேண்டாம்), சொட்டாத குழாய். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் போகிறது. வாஷர் மாற்றினால் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமலே அது நின்றுவிடும்.

கடைசியாக ஃபிரிட்ஜ். மாற்றும் முன் அளந்து பாருங்கள். சுவருக்கும் பிளக்குக்கும் நடுவே மாட்டும் சின்ன மின்மீட்டர் கிடைக்கும், அதை இரண்டு மூன்று நாள் மாட்டி வையுங்கள். அதற்கு முன் கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பின்பக்கத் தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, உள்ளே 4 டிகிரி, ஃப்ரீஸரில் மைனஸ் 18 என்று வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் நாளுக்கு 2 யூனிட்டுக்கு மேல் போகிறது, அதே அளவுள்ள புது மாடலின் லேபிள் ஒரு யூனிட்டுக்குக் கீழே காட்டுகிறது என்றால், தயங்காமல் மாற்றுங்கள். வருடத்துக்கு 365 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். ஒன்றரை யூனிட்டுக்குள் இருந்தால் பழையதே இன்னும் சில வருடம் ஓடட்டும். மாற்றினால், பழையதைப் பின்னறையில் இரண்டாவது ஃபிரிட்ஜாக ஓட்டாதீர்கள், மொத்தச் செலவு கூடிவிடும். அதில் ஆர்-134ஏ வாயு இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் ஆயிரம் மடங்குக்கு மேல் சூடாக்கும் வாயுதான். ஆகவே வாயுவை எடுத்துச் சேமிக்கும் வசதி உள்ள மின்கழிவு நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள். குழாயை அறுத்துச் செம்பை எடுப்பவரிடம் வேண்டாம்.