ரப்பர் கடை டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறது: எந்த மெஷின், எந்த ஓஎஸ்?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் கடை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின். புதிதாக எந்த பிராசசர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிராசசர் இருக்கட்டும், முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். பில் போட்டதும் அது டிஸ்க்கில் உறுதியாகப் பதியும்வரை டேட்டாபேஸ் காத்திருக்கும். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒரே இணைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பதிவுகளும் நொடிக்கு ஏறக்குறைய அவ்வளவோடு நின்றுவிடும். காத்திருப்பு அங்கேதான்.

அதனால் சுழலும் தட்டே இல்லாத, வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குங்கள். கரண்ட் போனாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்க உள்ளேயே கெப்பாசிட்டர் வைத்த சர்வர் ரகமாகப் பாருங்கள். இடவப்பாதி மழையில் நம்மூர் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். யுபிஎஸ்ஸும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் ராம். தினமும் புரட்டும் கணக்கு முழுவதும் அதில் அடங்க வேண்டும். நாம் மாற்றாதவரை போஸ்ட்கிரெஸ் டேட்டாவை வைத்துக்கொள்ளத் தனக்கென்று ராமில் ஒதுக்குவது (shared_buffers என்ற செட்டிங்) வெறும் 128 எம்பி. டேட்டாபேஸுக்கென்றே தனி சர்வர் என்றால் அதை ராமில் கால் பங்காக உயர்த்துங்கள்.

ஓஎஸ்ஸுக்கு என் தேர்வு டெபியன் லினக்ஸ். கடையில் விண்டோஸ்தான் பழக்கம் என்றால் அதுவும் சரி. ஆன்டிவைரஸ் டேட்டா ஃபோல்டரைத் தொடாதபடி மட்டும் விலக்கி வையுங்கள்.